ஒருவரை விலக்க எழுந்த சட்டக் கல்லூரி

1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகராகிய ஓஸ்டினில் ஓர் அரச சட்டக் கல்லூரி திறக்கப்பட்டது. கிழக்குப் பதின்மூன்றாம் வீதியில் 104ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்திலே சில அறைகள் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கற்பிப்பதற்கு ஆசிரியர்கள் குறிக்கப்பட்டிருந்தனர். பத்தாயிரம் நூல்கள் வேண்டுமெனக் கட்டளை அனுப்பப்பட்டிருந்தது. அவற்றுள் மிகச் சிலவே வந்து சேர்ந்திருந்தன. அண்மையிலிருந்த சட்டசபை மாளிகையின் சட்ட நூல்நிலையத்தையும் மாணவர் பயன்படுத்தலாமென அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வாறு எல்லாம் ஆயத்தமாயிருந்த அந்நாளில், பெயரைப் பதிவு செய்துகொள்ள ஒரு மாணவரேனும் வந்தாரில்லை.

வராதது தற்செயலன்று. அந்தக் கல்லூரி யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர் அதனுள் அடியெடுத்து வைப்பதில்லையெனத் துணிந்திருந்தார். அவர் பெயர் ஹீமன் மேரியன் ஸ்வெற். ஹியூஸ்டன் நகரத்துத் தபாற்காரர், வயது 34.

சட்டக் கல்லூரிகள் பொதுவாகச் சட்டம் பயில விரும்புவோரைச் சேர்த்துக்கொள்ளுவதற்கே தோன்றுகின்றன. இதுவோ, ஒருவரை வேறொரு சட்டக் கல்லூரியிற் சேரவிடாது தடுப்பதற்காகத் தோன்றிற்று. அது எவ்வாறு நேர்ந்ததென்பதை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே கறுப்பின இளைஞருக்கெனப் பல்கலைக்கழகக் கிளையொன்று நிறுவப்படும் என்னும் வாக்குறுதி இடம்பெற்றிருந்தது. 1882இல் அக்கிளை ஓஸ்டினிலேயே அமையவேண்டுமென மக்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். எழுத்தில் இருந்த அந்தக் கிளை கல்லாலும் மண்ணாலும் எழவேயில்லை. ஓஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமோ வளர்ந்து பெருகிற்று. எண்ணெய்க் கிணறுகளின் வருவாய் அதன் கருவூலத்தை நிரப்பிற்று. அதன் வாயில் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது. சட்டம் பயில விரும்பிய கறுப்பின இளைஞன் டெக்சாஸ் எல்லையைத் தாண்டி வேற்றூர் செல்லவேண்டியவனானான்.

இதற்கெல்லாம் அரணாக நின்றது 1896இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று. புகைவண்டிப் பெட்டிகளைப் பற்றி எழுந்த அவ்வழக்கிலே, இனங்களைப் பிரித்து வைத்தல் குற்றமன்று, பிரித்தளிக்கப்படும் வசதிகள் சமமாயிருந்தாற் போதும் என்னும் கொள்கை நிலைநாட்டப்பட்டது. தென் மாநிலங்கள் அக்கொள்கையின் முதற்பாதியைக் கண்ணுங் கருத்துமாகக் கடைப்பிடித்தன, மறுபாதியை மறந்தன. மறந்ததை நினைவூட்டியது 1938இல் வெளிவந்த மற்றொரு தீர்ப்பு. மிசூரி மாநிலம் தன் வெள்ளை மாணவருக்கு உள்ளூரிலே சட்டக் கல்வியை அளித்துவிட்டு, லொயிட் கெயின்ஸ் என்னும் கறுப்பின இளைஞரை வெளியூருக்கு அனுப்ப முற்பட்டது செல்லாதென்று உயர்நீதிமன்றம் கூறிற்று. மிசூரி என்ன செய்தது? 1939இல் சென் லூயிஸ் நகரத்திலே அவசர அவசரமாகக் கறுப்பினத்தாருக்கென ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. வழக்கில் வென்ற கெயின்ஸ் அதற்கு முன்னமே, அவ்வாண்டு மார்ச் மாதத்திலே, சிக்காகோ நகரில் ஒரு நாள் மாலை வெளியே சென்றவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை துலங்கவில்லை.

இந்த முன்மாதிரி டெக்சாஸ் ஆட்சியாளரின் கண்முன் இருந்தது. அவ்வாறே, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கண்முன்னும் இருந்தது. வாதி காணாமற் போனால் வழக்கும் போய்விடும் என்பதைச் சங்கம் கற்றிருந்தது. அதன் சட்டப் பகுதிக்குத் தலைமை தாங்கிய தேர்கூட் மார்ஷல், டெக்சாசில் உறுதியுள்ள ஒருவரைத் தேடினார். 1945இல் ஹியூஸ்டனில் ஒரு கூட்டத்திலே ஸ்வெற் தாமாகவே முன்வந்தார். அவர் வைலிக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். சிறிது காலம் ஆசிரியராயிருந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புத் தொடங்கி, இடையிலே ஊர் திரும்பித் தபாற் கந்தோரில் அமர்ந்தவர். அங்கே கறுப்பின ஊழியருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அதற்கெதிராக மனுக்கள் எழுதப் புகுந்து, அவ்வழியே சட்டத்தில் நாட்டங் கொண்டவர். உடல் வன்மை மிக்கவரல்லர். வயிற்றுப் புண்ணால் வருந்தியவர். எனினும் பின்வாங்காத இயல்பினர்.

1946 பெப்ரவரி 26ஆந் திகதி ஸ்வெற், சங்கத்துப் பிரமுகர் சிலருடன் ஓஸ்டின் சென்று, பல்கலைக்கழகத் தலைவர் தியோபிலஸ் பெயின்டரைக் கண்டு தம் விண்ணப்பத்தைக் கொடுத்தார். பெயின்டர் பெயர்பெற்ற உயிரியல் அறிஞர். மனித உயிரணுவில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளனவென 1923இல் எழுதியவர் அவரே. 1956இல் வேறிருவர் 46 என்று எண்ணிக் காட்டும்வரை உலகம் அதையே நம்பியிருந்தது. ஸ்வெற்றின் விண்ணப்பம் அவர் கைக்கு வந்தபோது, அதில் அவர் காணக்கூடிய குறை ஒன்றே: விண்ணப்பதாரரின் நிறம். அவர் மாநிலச் சட்டமா அதிபரின் கருத்தை வினவினார். பிரிவினைச் சட்டத்தை மீற இயலாது என்னும் விடை மார்ச் மாதத்திலே கிடைத்தது. மே 16இல் ஸ்வெற் வழக்குத் தொடுத்தார். பெயின்டர் எதிராளிகளுள் முதல்வராகக் குறிக்கப்பட்டமையால், அவ்வழக்கு ஸ்வெற் எதிர் பெயின்டர் என்றே சட்ட ஏடுகளில் நிலைத்துவிட்டது.

மாவட்ட நீதிபதி ரோய் ஆச்சர், ஸ்வெற்றைச் சேர்க்குமாறு கட்டளையிடவில்லை; அவர் மனுவைத் தள்ளிவிடவுமில்லை. சமமான சட்டக் கல்வியை ஏற்பாடு செய்ய அரசுக்கு ஆறு மாத தவணை அளித்தார். ஆறு மாதத்தில் ஒரு சட்டக் கல்லூரி! ஆண்டிறுதியில், ஹியூஸ்டனிலே சில அறைகளை வாடகைக்கெடுத்து, கறுப்பினச் சட்டத்தரணிகள் இருவரை ஆசிரியராக்கி வகுப்பு நடத்துவதாக அரச தரப்பு உறுதி கூறியது. டிசெம்பரில் நீதிபதி அதனை ஏற்று மனுவைத் தள்ளினார். அந்த வகுப்புக்கும் மாணவர் வரவில்லை.

வாடகை அறைகள் மேன்முறையீட்டில் நில்லா என்பதை அரசு விரைவில் உணர்ந்தது. 1947 மார்ச் 3ஆந் திகதி ஆளுநர் போபோட் ஜெஸ்ரர் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். ‘நீக்கிரோக்களுக்கான டெக்சாஸ் அரச பல்கலைக்கழகம்’ என்னும் பெயரோடு, இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் ஒதுக்கி, ஹியூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. எழுபது ஆண்டுகளாகக் கிடைக்காத பணம் ஒரு தபாற்காரரின் விண்ணப்பத்தால் ஓராண்டிற் கிடைத்தது. பல்கலைக்கழகம் எழும்வரை ஸ்வெற் காத்திருக்கத் தேவையில்லாமல், ஓஸ்டினில் இடைக்காலச் சட்டக் கல்லூரியொன்று உடனே தொடங்குவதற்கு வேறாக ஓரிலட்சம் டொலரும் ஒதுக்கப்பட்டது. கையொப்பமிட்ட ஏழாம் நாள் திறக்கப்பட்டதே பதின்மூன்றாம் வீதி நிலக்கீழ்க் கல்லூரி.

அக்கல்லூரியின் அமைப்பு விசித்திரமானது. சான்றுச் சட்டத்தில் வல்லுநராகிய சாள்ஸ் மக்கோமிக் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பீடத்தின் பீடாதிபதி. அவரே புதிய கல்லூரிக்கும் பீடாதிபதி. அப்பீடத்து ஆசிரியர் சிலரே இங்கும் வந்து கற்பிப்பர். ஆனால் தம் அலுவலகங்களைப் பழைய இடத்திலேயே வைத்திருப்பர். பாடமும் ஒன்று, ஆசிரியரும் ஒருவர், பரீட்சையும் ஒன்று. அப்படியாயின் மாணவர் மட்டும் ஏன் வேறிடத்தில் இருக்கவேண்டும்? இவ்வினாவை மார்ஷல் பின்னர் பல வடிவங்களிற் கேட்டார்.

மே மாதத்தில் மீண்டும் வழக்கு விசாரிக்கப்பட்டது. சட்டமா அதிபர் பிரைஸ் டானியல், கற்பிக்கும் பொருள்களிலும் நூல்களிலும் புதிய கல்லூரி பழையதற்குக் குறைந்ததன்று என நிறுவ முயன்றார். மார்ஷல் அந்த அளவுகோலையே ஏற்க மறுத்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்து மானிடவியல் அறிஞர் றொபட் ரெட்பீல்ட் சாட்சிக் கூண்டில் ஏறி, கற்குந்திறனில் இனங்களிடையே இயற்கையான ஏற்றத்தாழ்வு இல்லையென்றும், பிரித்து வைத்தல் இரு சாராரின் கல்விக்கும் ஊறு செய்வதென்றும் கூறினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சட்டப் பீடாதிபதி ஏர்ள் ஹரிசன், பல்வேறு மாணவர் கூடி விவாதிக்காத இடத்தில் முறையான சட்டக் கல்வி நிகழாதென்றார். சட்டம் தனியே இருந்து மனனஞ் செய்யும் பாடமன்று. ஒருவன் கூற்றை மற்றொருவன் மறுக்க, மறுத்ததை மூன்றாமவன் திருத்த, அவ்வாறு உரைத்து உரைத்தே கூராகும் கலை அது. ஒரே மாணவரைக் கொண்ட கல்லூரியில் அவர் யாருடன் வாதாடுவார்?

நீதிபதி இசையவில்லை. யூன் மாதத்தில், இரண்டு கல்லூரிகளும் ஏறக்குறையச் சமமே என்று தீர்த்தார்.

நீதிமன்றத்துக்கு வெளியே கறுப்பின மக்களிடையிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஹியூஸ்டனிற் பத்திரிகை நடத்திய காட்டர் வெஸ்லி தாமே ஒரு சட்டத்தரணி. சங்கத்துக்கு நெடுநாள் உதவியவர். அவர் கூறியது இது: வெள்ளையர் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டுவோம்; அதற்கிடையில் அரசு தரும் பல்கலைக்கழகத்தையும் பெற்றுக்கொள்வோம்; அதனால் ஆயிரக்கணக்கான இளைஞர் வீட்டு வாயிலிலேயே கற்கலாமே. மார்ஷலோ, சிறிய கதவொன்றால் நுழைபவன் பெரிய கதவு பூட்டியிருப்பதற்கு உடன்பட்டவனாவான் என்று வாதித்தார். இருவர்க்கும் இடையில் கடுமையான கடிதங்களும் பத்திரிகைக் கண்டனங்களும் பறந்தன. ஒருவர் நீதியையும் மற்றவர் வசதியையும் நாடினர் என இதனை எளிதாகக் கூறிவிடுதல் பொருந்தாது. வெஸ்லி நினைத்தது அவ்வாண்டு பதினெட்டு வயதாகியிருந்த பிள்ளைகளை. மார்ஷல் நினைத்தது இனிப் பிறக்கவிருந்த பிள்ளைகளை. இருவர் கூற்றையும் பின்வந்த ஆண்டுகள் ஓரளவுக்கு மெய்ப்பித்தன.

1947 இலையுதிர் காலத்திலே அந்தக் கல்லூரிக்கு மாணவர் வந்தனர், மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஹென்றி டொயில். வழக்கையோ கொள்கையையோ அவர்கள் பழித்தார்கள் என்பதற்கில்லை. சட்டம் பயில வேண்டுமென்ற ஆசை இருந்தது, வெளியூர் செல்ல வழி இருக்கவில்லை, அரசு ஒரு கதவைத் திறந்திருந்தது, நுழைந்தார்கள். ஸ்வெற் மறுத்ததாலேயே வழக்கு உயிரோடிருந்தது. டொயில் போன்றோர் ஏற்றதாலேயே கல்லூரி உயிர் பெற்றது.

அடுத்த ஆண்டு கல்லூரி ஹியூஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அதற்கு ஒரு பழைய வேர் கிடைத்தது. 1927இல் அந்நகரப் பாடசாலைச் சபையின் சிறு கடனுதவியோடு கறுப்பின ஆசிரியரைப் பயிற்றும் இளநிலைக் கல்லூரியாகத் தொடங்கி, 1934இல் முழுக் கல்லூரியாக உயர்ந்த நிறுவனமொன்று அங்கிருந்தது. மாலை நேரங்களிலே பாடசாலைக் கட்டடத்தில் வகுப்பு நடத்திவந்த அது, எண்ணெய்ச் செல்வர் ஒருவர் ஈந்த 53 ஏக்கர் நிலத்தில் 1946இலேதான் தன் முதற் சொந்தக் கட்டடத்தைக் கண்டிருந்தது. புதிய அரச பல்கலைக்கழகத்துக்கு அதுவே அடித்தளமாயிற்று. லைபீரியாவில் அமெரிக்கத் தூதராயிருந்த ரபேல் ஓஹாரா லானியர் 1948இல் முதல் தலைவராகப் பதவியேற்றார். நிலக்கீழ் அறையிற் பிறந்த சட்டக் கல்லூரி மெல்ல மெல்ல ஒரு கல்லூரிக்குரிய உருவம் பெறலாயிற்று.

எவ்வளவு பெற்றது என்பதை அறிவதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உயர்நீதிமன்றமே எண்ணிப் பதிவு செய்திருக்கிறது. டெக்சாஸ் நீதிமன்றங்கள் யாவும் கைவிட்ட பின் வழக்கு வாஷிங்டன் சென்று, 1950 ஏப்பிரல் 4இல் விவாதிக்கப்பட்டது. தென் மாநிலங்கள் பல டெக்சாசுக்குத் துணைநின்றன. நாடெங்குமுள்ள சட்டப் பேராசிரியர் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் ஸ்வெற்றின் பக்கம் எழுத்துவாதம் அளித்தனர். மத்திய அரசாங்கமே பிரிவினைக் கொள்கைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. யூன் 5ஆந் திகதி பிரதம நீதியரசர் வின்சன், நீதியரசர் அனைவரும் ஒருமுகமாக உடன்பட்ட தீர்ப்பை வாசித்தார்.

தீர்ப்பின் முற்பகுதி கணக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பீடத்தில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர், பகுதிநேரத்தார் 3 பேர், மாணவர் 850 பேர், நூல்கள் 65,000க்கு மேல். ஹியூஸ்டன் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 5 பேர், மாணவர் 23 பேர், நூல்கள் 16,500. பயிற்சி நீதிமன்றம் ஒன்று. ஏழைகட்குச் சட்ட உதவிச் சங்கம் ஒன்று. வழக்கறிஞர் அவையிற் சேர்ந்த பழைய மாணவர் ஒருவர். அந்த ஒருவர் டொயில். மூன்றாண்டில் வெறும் அறையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது சிறிய செயலன்று. ஆயினும் அக்கணக்கு அந்தக் கல்லூரிக்கு எதிரான சாட்சியமாகவே ஆயிற்று. எந்தச் சமத்துவத்தை நிரூபிப்பதற்காக அரசு பணத்தைச் சொரிந்ததோ, அது இல்லையென்பதை அந்தப் பணம் வாங்கிய நூல்களே எண்ணிக் காட்டின.

வின்சன் கணக்கோடு நிற்கவில்லை. ஒரு சட்டக் கல்லூரியை உயர்ந்ததாக்கும் பண்புகளுட் பல எண்ணி அளக்கத்தக்கன அல்ல என்றார்: ஆசிரியரின் புகழ், நிருவாகத்தின் அனுபவம், பழைய மாணவரின் செல்வாக்கு, சமுதாயத்தில் அதற்குள்ள மதிப்பு, அதன் மரபு. பின்னும் ஒன்று கூறினார். ஹியூஸ்டன் கல்லூரி விலக்கிவைக்கும் இனத்தார் மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு 85 பேர். ஸ்வெற் சட்டத்தரணியானபின் சந்திக்கப்போகும் சட்டத்தரணிகள், சாட்சிகள், யூரிமார், நீதிபதிகள் ஆகியோருட் பெரும்பாலார் அவர்களே. அவர்களோடு பழகாமல் வழக்குத் தொழிலை எங்ஙனம் பயில்வது? ஸ்வெற்றை டெக்சாஸ் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவேண்டுமெனத் தீர்ப்பு முடிந்தது. 1896ஆம் ஆண்டுக் கொள்கையை அது வெளிப்படையாக நீக்கவில்லை. அந்தக் கொள்கை நிற்கத் தக்க இடத்தை மட்டும் மிகக் குறுக்கிவிட்டது. 1954இல் பாடசாலைப் பிரிவினையை வீழ்த்திய தீர்ப்பு, அளக்கவியலாத பண்புகளைப் பற்றிய இவ்வாதத்தைக் கையிலெடுத்துக்கொண்டே நடந்தது.

1950 செப்ரெம்பரில் ஸ்வெற் தம் பெயரைப் பதிந்தார். வெற்றி அவருக்கு இன்பமாக அமையவில்லை. நான்காண்டு அலைச்சலும் அச்சுறுத்தலும் உடலைத் தளர்த்தியிருந்தன. வளாகத்தில் சிலுவை எரித்து மிரட்டியவர்களும் இருந்தனர். மண வாழ்க்கை முறிந்தது. பரீட்சைகளில் தவறி, 1952இல் பட்டம் பெறாமலே நீங்கினார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் வேர்ஜில் லொட், ஆண்டு 1953. ஸ்வெற் அட்லாண்டா சென்று சமூக சேவைக் கல்வியில் முதுமாணிப் பட்டம் பெற்று, கறுப்பின மக்களின் நலச் சங்கங்களிற் பணியாற்றி, 1982இற் காலமானார். அவர் தோல்வி கண்ட ஓஸ்டின் நீதிமன்றக் கட்டடத்துக்கு 2005இல் அவர் பெயரே இடப்பட்டது.

ஹியூஸ்டன் கல்லூரி என்னாயிற்று? தீர்ப்பின் பின் அதற்கு இருக்கக் காரணமில்லையென எண்ணியவர் பலர். இதே நோக்கத்தோடு மிசூரி திறந்த கல்லூரி 1955இல் மூடப்பட்டது. ஒக்லகோமா மாநிலம் 1948இல் தன் சட்டசபை மாளிகையிலேயே சில அறைகளிற் தொடங்கிய கல்லூரி ஒன்றரை ஆண்டளவில் மறைந்தது. ஹியூஸ்டன் கல்லூரி மூடப்படவில்லை. 1951இல் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து இனச் சொல் நீங்கி, அது டெக்சாஸ் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வேலைக்குச் செல்வோரும், ஓஸ்டின் செல்ல வசதியற்றோரும், அங்கே இடம் கிடையாதோரும் ஹியூஸ்டனை நாடினர். 1960 மார்ச் 4ஆந் திகதி அப்பல்கலைக்கழக மாணவர் சிலர் அண்மையிலிருந்த கடையொன்றின் வெள்ளையருக்கான சிற்றுண்டி மேசையில் அமைதியாகச் சென்று அமர்ந்தனர். அவர்களை ஒழுங்கு செய்து நடத்திய எல்ட்ரூவி ஸ்டேர்ன்ஸ் அச்சட்டக் கல்லூரியின் மாணவர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே நகரத்து உணவு மேசைகள் பல சந்தடியின்றி எல்லார்க்கும் திறந்தன. பத்திரிகைகள் முன்கூட்டியே பேசிவைத்தபடி அதனைப் பற்றி வாய்திறக்கவில்லை.

டொயில் பின்னாளிலே டெக்சாஸ் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றின் நீதிபதியானார். 1967இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசராக நியமனம் பெற்றவர் தேர்கூட் மார்ஷல். சமமற்றதென்று அவர் நீதிமன்றந்தோறும் ஏறி வாதாடிய அந்த ஹியூஸ்டன் சட்டக் கல்லூரிக்கு, 1976ஆம் ஆண்டிலே தேர்கூட் மார்ஷல் சட்டக் கல்லூரி எனப் பெயர் சூட்டப்பட்டது.